சர்வரின் திறனை எப்போது கூட்டுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்வு முடிவு வெளியான காலையில், பிரவுசிங் சென்டரில் என் மகள் நடுங்கும் விரல்களால் பதிவெண்ணைத் திரும்பத் திரும்பத் தட்டியும் திரையில் ‘503’ என்ற பிழையே வந்தது; இணையதளத்தை இயக்கும் கணினியான சர்வரால் அப்போது சேவை தர முடியவில்லை என்று அதற்குப் பொருள். வெள்ளம் வருமுன் அணை போட்டிருக்க வேண்டாமா?

நெரிசல் நேரத்தில் சர்வரின் சிபியூ (கணக்குகளைச் செய்யும் பகுதி) பயன்பாடு இடைவிடாமல் உச்சத்திலேயே நிற்பதும், ரேம் (வேகமான தற்காலிக நினைவகம்) நிரம்பி, அதைவிட மெதுவான ஹார்டு டிஸ்கை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்குவதும், பக்கம் திறக்கும் நேரம் வாரந்தோறும் கூடுவதும் சர்வரின் திறனைக் கூட்ட வேண்டியதற்கான தெளிவான அறிகுறிகள். ஆனால், முறையான இன்டெக்ஸ் (தகவலை விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இல்லாத டேட்டாபேஸ்தான் (தகவல் சேமிப்பகம்) தாமதத்துக்குக் காரணம் என்றால், பெரிய சர்வர் வாங்குவது வீண் செலவு. முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

முடிவு வெளியாகும் தேதி முன்பே தெரிந்திருப்பதால், அன்றைக்கு மட்டும் கிளவுடில் (இணையவழிக் கணினிச் சேவையில்) கூடுதல் சர்வர்களை வாடகைக்கு எடுத்து, பலர் ஒரே நேரத்தில் நுழைந்தால் தாங்குமா என்று பார்க்கும் சுமைச் சோதனையை ஒரு வாரம் முன்னதாகவே நடத்துமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
திண்டுக்கல்.