பொருளாதார ஆய்வு எந்தக் கட்டத்தில் வர வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நிறுவனங்கள் சந்தைப் போட்டியை ஒடுக்குவதைத் தடுக்கும் போட்டிச் சட்ட வழக்குகள் இழுபடுவதற்கு, சந்தை விளைவைக் கணிக்கும் பொருளாதார ஆய்வு மிகுந்துவிட்டதே காரணம் என்று தங்கள் இதழில் வெளியான கட்டுரை கூறுகிறது. வழக்குகள் இழுபடுவது உண்மைதான். ஆனால் ஆய்வு மிகுதியால் அல்ல, அது காலந்தாழ்ந்து வருவதால்தான் அப்படி நேர்கிறது என்பது என் கருத்து.

தன்னிடமே பெரும்பாலும் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் கணினி உற்பத்தியாளர்களுக்குச் சில்லு நிறுவனமான இன்டெல் அளித்த தள்ளுபடிகளுக்காக ஐரோப்பிய ஆணையம் 2009-இல் 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. இத்தகைய தள்ளுபடி தன்னளவிலேயே சட்டவிரோதம் என்பதையே ஆணையம் முதன்மையாக நம்பியிருந்தது. அதே திறனுள்ள போட்டியாளரை அது சந்தையிலிருந்து வெளியேற்றுமா என்று கணக்கிட்டிருந்தும், அந்தக் கணக்கீடு முடிவுக்கு அவசியமில்லை என்றது. கணக்கீட்டை எதிர்த்து இன்டெல் எழுப்பிய வாதங்களை ஆராய்ந்தே தீர வேண்டும் என்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் உயர் அமர்வு வழக்கைத் திருப்பி அனுப்ப, அதில் பிழைகள் உள்ளதாகக் கண்ட கீழ் நீதிமன்றம் 2022-இல் அந்த அபராதத்தை ரத்து செய்தது. அடித்தளமாக இருந்திருக்க வேண்டியதை ஒப்புக்குச் சேர்த்ததற்கு ஆணையம் கொடுத்த விலை பதின்மூன்று ஆண்டுகள்.

இந்தியாவின் எரிவாயு உருளை வழக்கும் இத்தகையதே. 2010-இல் இந்தியன் ஆயில் கோரிய ஒப்பந்தப்புள்ளியில் உற்பத்தியாளர்கள் ஒரே மாதிரியான விலை குறித்ததைக் கூட்டுச்சதி என்று கொண்டு, போட்டி ஆணையம் 2012-இல் அபராதம் விதித்தது. வாங்குவோர் மூன்றே பொதுத்துறை நிறுவனங்கள், விலையில் அவர்கள் கையே ஓங்கியிருக்கிறது, பொருளும் ஒரே தரத்தது என்னும்போது சதி இல்லாமலேயே விலைகள் ஒன்றிவிடக்கூடும் என்று கூறிய உச்ச நீதிமன்றம், 2018-இல் அதனை ரத்து செய்தது. சந்தையின் அமைப்பு என்ன என்பது விசாரணையின் முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அல்லவா?

இதனால் கணக்கீடு எதுவானாலும் நம்பலாம் என்று சொல்ல வரவில்லை. செல்லோபேன் தாள் உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கை வைத்திருந்த டூபாண்ட், தன் மீதான ஏகபோக வழக்கில் 1956-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றது. விலை ஏறினால் வாங்குவோர் வேறு உறைத் தாள்களுக்கு மாறிவிடுவர், ஆகவே எல்லா வகை உறைத் தாள்களும் ஒரே சந்தைதான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். விலை ஏற்கெனவே ஏகபோக உச்சத்தில் இருந்தால் வாங்குவோர் எப்படியும் மாறத்தான் செய்வார்கள் என்பதை அந்தத் தீர்ப்பு கவனிக்கவில்லை. இன்றுவரை பொருளாதார மாணவர்களுக்கு இது பிழையின் எடுத்துக்காட்டாகவே கற்பிக்கப்படுகிறது.

விலையை ஒத்துப்பேசி முடிவு செய்ததற்கு நேரடி ஆவணம் கிடைத்த வழக்குகளில், சந்தை விளைவை நிறுவச் சொல்லி விசாரணையை நீட்டத் தேவையில்லை என்பதில் கட்டுரையாளருடன் எனக்கு முழு உடன்பாடு. ஆதிக்க நிலை, நிறுவன இணைப்பு, ஒத்த விலைகள் ஆகியவை பற்றிய வழக்குகளில் மட்டுமாவது, போட்டி ஆணையத்தின் பொருளாதார வல்லுநர்கள் புகாரைப் பரிசீலிக்கும் கட்டத்திலேயே பங்கேற்க வேண்டும். அவர்கள் கொண்ட அனுமானங்களும் பயன்படுத்திய தரவுகளும், வணிக இரகசியம் நீங்கலாக, விசாரணை அறிக்கையுடனேயே இரு தரப்புக்கும் தரப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்