ஆண்டறிக்கை 2025-26: புரட்டிப் போட ஆள் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கையை நான் வாசித்தபோது பாதிப் பேர் தூங்கிவிட்டதாகப் பொருளாளர் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார், அதனால் இந்த முறை வரவு செலவைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

நம் சங்கம் ஆரம்பித்தது முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதிக் கொடுக்கத்தான். இந்த வருஷம் அந்த வேலை குறைந்து, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்க்கும் வேலை கூடிவிட்டது. சித்திரையில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். நம் ஊரும் மலையடிவாரத்து இரண்டு குடியிருப்புகளும் சேர்த்து, எழுந்து உட்காரக்கூட முடியாதவர்கள் 11 பேர். அதில் 7 வீட்டில் பிள்ளைகள் யாரும் ஊரில் இல்லை. திருப்பூர், கோயம்புத்தூர், அப்புறம் ஆந்திராப் பக்கம் முறுக்குக் கம்பெனி. டீக்கடையில் உட்கார்ந்து ‘பெத்த பிள்ளைக கைவிட்டுட்டாங்க’ என்று பேசுவது சுலபம், ஆனால் நாங்கள் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் மாதாமாதம் பணம் போட்டுவிடுகிறார்கள். பணம் வந்துவிடுகிறது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஆளைப் புரட்டிப் படுக்க வைக்கக் கைதான் இல்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2023 ஆகஸ்டிலிருந்து பென்ஷன் 1,200 ரூபாய். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு சுகர், பிரஷர் மாத்திரைக்காக யாரும் பஸ் ஏறுவதில்லை, சுகாதாரத் தன்னார்வலர் அம்மா வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்து வயதானவர்களுக்கு ரேஷன் அரிசியும் வாசலுக்கு வருகிறது, கைரேகை விழவில்லை என்று அப்பத்தாக்கள் கடையில் நின்று விரலைத் துடைத்துத் துடைத்து வைத்த காலம் போயிற்று. 2024 அக்டோபரில் 70 வயதுக்கு மேல் எல்லோருக்கும் 5 லட்சம் காப்பீடு என்று ஆரம்பித்தார்கள். நல்லதுதான், ஆனால் அது ஆஸ்பத்திரியில் பெட்டில் சேர்ந்தால்தான். வீட்டில் கயிற்றுக் கட்டிலில் மூன்று வருஷம் கிடந்தால் அதில் ஒரு ரூபாய் கிடையாது.

நம் கீழத்தெருப் பெரியப்பாவுக்கு ஆடியில் பக்கவாதம் வந்தது எல்லோருக்கும் தெரியும். 108 வந்து பேரையூர், கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டுபோய் மதுரையில் சேர்த்துவிட்டது, உயிர் பிழைத்தார். ஒன்பதாம் நாள் ‘இனி வீட்ல வச்சுப் பாத்துக்கங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வர 108 கிடையாது, வாடகைக் கார் 2,500 ரூபாய். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பெரியம்மாவுக்குச் சொல்லித் தரவில்லை. அவருக்கே 72 வயது, பெரியப்பா ஆள் வேறு நல்ல கனம். இரண்டு வாரத்தில் இடுப்புக்குக் கீழே புண் வந்து, எலும்பு தெரிகிற அளவுக்குப் போனபிறகுதான் எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது வீட்டில் இருக்கிற எனக்கே அப்போதுதான் தெரியும் என்பதை இந்த அறிக்கையில் எழுதித்தான் ஆகவேண்டும்.

அந்தப் பதற்றத்தில் நான் செய்த தப்பும் ஒன்று. யாரையும் கேட்காமல் மதுரையில் ஒரு கடையில் மோட்டார் வைத்த காற்றுப் படுக்கை வாங்கி வந்தேன். ஐப்பசி மழையில் கரண்ட் போனது, ராத்திரி முழுக்க வரவில்லை. விடிந்து பார்த்தால் படுக்கை சப்பி, அவர் வெறும் பலகையில் கிடக்கிறார். கடைக்காரர் மோட்டாரைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அப்புறம் தண்ணீர்ப் படுக்கைதான் வாங்கினோம், அதற்குக் கரண்ட் வேண்டாம். மலைக்காற்று அடிக்கிற ஊரில் இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும், செயற்குழுவில் திட்டியவர்கள் திட்டியது சரிதான்.

உருப்படியாக நடந்தது பயிற்சிதான். மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் பிசியோதெரபிஸ்டையும் நர்ஸ் அம்மாவையும் கேட்டுக்கொண்டதில் இரண்டு சனிக்கிழமை வந்தார்கள். வட்டாரம் முழுக்கச் சுற்றுகிறவர்கள், அதற்குமேல் நாமும் எதிர்பார்க்க முடியாது. நம் ஊர்ப் பெண்கள் 5 பேர் கற்றுக்கொண்டார்கள். போர்வையை அடியில் விட்டு இரண்டு பேராக இழுத்துப் புரட்டுவது, குதிகாலும் இடுப்பும் சிவந்திருக்கிறதா என்று தினம் பார்ப்பது, சாய்த்து உட்கார வைத்துத்தான் கஞ்சி ஊட்டுவது, இல்லையென்றால் புரை ஏறி நெஞ்சுக்குள் போய்விடும் என்பது. டயப்பர் பேச்சும் வந்தது. மலிவானதே ஒன்று 30 ரூபாய், நாளைக்கு மூன்று என்றால் மாதம் 2,700, பென்ஷனே 1,200. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் துவைத்துக் காயப்போட்டுப் பயன்படுத்தலாம் என்று நர்ஸ் அம்மாவே சொன்னார். வீட்டில் பழைய வேட்டி இருப்பவர்கள் சங்கத்துக்குக் கொடுங்கள், பாலியஸ்டர் வேண்டாம்.

முதியோர் இல்லங்களுக்கும் போன் போட்டுப் பார்த்தோம். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ‘நடப்பாரா?’. மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேராவது தங்குகிற மாதிரி ஆதரவற்ற முதியோர் இல்லம் என்று 2007-ம் வருஷச் சட்டத்தில் எழுதியிருக்கிறது, எழுத்தில் இருப்பது நல்லது. 2025-26 பட்ஜெட்டில் 10 கோடியில் 25 அன்புச்சோலை அறிவித்தார்கள், அது பகலில் போய் வருகிறவர்களுக்கு. கட்டிலை விட்டு இறங்க முடியாதவர் எங்கே போய் வருவது? அதே 2007 சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 வரை ஜீவனாம்சம் வாங்கித் தரலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. ஒரு அப்பத்தாவிடம் எடுத்துச் சொன்னேன். ‘எம்புள்ள மேல நான் மனுக் குடுக்கவா? போயி வேற சோலியப் பாருய்யா’ என்றுவிட்டார்.

ஒரு விஷயம், கூட்டத்தில் பேச எல்லோரும் கூச்சப்படுகிறோம். 2010-ல் விருதுநகர்ப் பக்கம் ஒரு பெரியவர் வீட்டிலிருந்து தப்பி ஓடிவந்த பிறகுதான் தலைக்கூத்தல் என்ற சொல்லைப் பட்டணத்துக்காரர்கள் கேள்விப்பட்டார்கள். படுக்கையில் கிடக்கிற முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடுவது, நமக்கு அது புதிய சொல் இல்லை. அது கொலை, அதில் இரண்டு பேச்சு கிடையாது. ஆனால் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாமல், கூலிக்கும் போக முடியாமல் ஒரு மருமகள் மாதக்கணக்கில் ஒற்றையாகக் கிடந்து அல்லாடினால் அந்த வீட்டுத் திண்ணையில் என்ன பேச்சு ஓடும் என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் இந்த அறிக்கையில் பாதி புரட்டிப் போடுகிற கதையாக இருக்கிறது.

தீர்மானம் ஒன்றுதான். படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்வதைக் கூலி வேலையாகக் கணக்கில் எடுத்து, ஊருக்கு இரண்டு பேருக்காவது மாதச் சம்பளம் கொடுக்கச் சொல்லிக் கிராம சபையில் வைத்தோம், நிறைவேறிக் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறது. பதில் இல்லை. அதுவரை நம் ஐந்து பெண்களுக்கும் சங்கம் மாதம் 1,000 கொடுக்கிறது. அது கூலியே இல்லை, எனக்கும் தெரியும்.

வரவு 1,18,400. செலவு 1,21,150. பற்றாக்குறை 2,750-ஐப் பொருளாளர் கைக்காசிலிருந்து போட்டிருக்கிறார், அதைப் பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் அடைக்க வேண்டும். நாங்கள் பார்த்துவந்தவர்களில் 3 பேர் இந்த வருஷம் தவறிவிட்டார்கள், பெரியப்பாவும் ஒருவர். அந்தத் தண்ணீர்ப் படுக்கை இப்போது மேலத்தெருவில் இருக்கிறது. இரண்டு வாக்கரும் ஒரு கமோடு நாற்காலியும் யார் வீட்டிலோ சும்மா கிடக்கின்றன, யார் வீடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை, வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்