சாக்பீஸ் பெட்டியில் விழுந்த கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சென்ற இதழில் வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். தாராளமாகக் கற்றுக்கொடுக்கட்டும். ஆனால் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்த பிறகும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அத்தனை நீளக் கட்டுரையில் பையன்களைப் பற்றிய பேச்சு ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அதுவும் அவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி பெண்களுக்குச் சொல்வதற்காக. பையன்களிடம் யார் பேசுவது?

முப்பத்தோர் ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தால் மகரந்தச் சேர்க்கை வரை விலாவாரியாக நடத்துவேன். செம்பருத்திப் பூவைப் பறித்து வரச் சொல்லி, பிளேடால் நெடுக்காக வெட்டி, சூலகத்தை ஒவ்வொருவருக்கும் காட்டுவேன். மனிதர்கள் பக்கம் வந்ததும், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள். படம் முக்கியம், பரீட்சையில் வரும்" என்று புத்தகத்தை மூடிவிடுவேன். பிள்ளைகளும் படித்தார்கள், புத்தகத்தில் அல்ல, கைபேசியில்.

ஓய்வு பெறுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவி விஷயத்தில் எனக்குச் சூடு பட்டது. அதை இங்கே எழுத மாட்டேன். அவள் இப்போது நன்றாக இருக்கிறாள், அது போதும். அதற்குப் பிறகுதான் காலியான சாக்பீஸ் பெட்டி ஒன்றின் மூடியில் கீறல் போட்டு மேசைமேல் வைத்தேன். பெயர் எழுத வேண்டாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பதில் என்றேன். முதல் வாரம் மூன்று சீட்டுகள் விழுந்தன. ஒன்றில் ஒரு நடிகரின் பெயர். ஒன்றில் காலாண்டுத் தேர்வு எப்போது என்ற கேள்வி. மூன்றாவது எட்டாக மடித்த வெற்றுத் தாள். மூன்றாவது வாரம் ரஃப் நோட்டிலிருந்து கிழித்த துண்டு ஒன்று வந்தது: "டீச்சர், அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரி என்றுதானே அர்த்தம்?"

யார் எழுதியது என்று கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிட்டது. கெட்ட பையன் இல்லை. மழை வந்தால் அடுத்தவர் சைக்கிளையும் சேர்த்து ஷெட்டுக்குள் தள்ளி வைப்பவன். அவனுக்கு இந்த அர்த்தத்தைச் சொல்லிக்கொடுத்தது யார்? நாம்தான். 'மௌனம் சம்மதம்' என்பது நாம் நாளெல்லாம் புழங்கும் பழமொழி. பெண் பார்க்க வந்த இடத்தில் அவள் காபித் தட்டோடு தலை குனிந்து நின்றால், "பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது" என்று பெரியவர்கள் அறிவித்துவிடுவார்கள். என் கல்யாணமும் அப்படி முடிவானதுதான். (நல்ல மனிதர் வாய்த்தது என் அதிர்ஷ்டம். அதில் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெருமையும் இல்லை.)

சட்டம் இந்தப் பழமொழியை 2013-லேயே தள்ளிவிட்டது. டெல்லி மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு குற்றவியல் சட்டத்தில் வந்த திருத்தத்தில், சம்மதம் என்பது சொல்லாலோ சைகையாலோ ஐயத்துக்கு இடமில்லாமல், தானாக விரும்பித் தெரிவிப்பது என்று விளக்கம் சேர்த்தார்கள். உடலால் எதிர்க்கவில்லை என்ற காரணத்தாலேயே சம்மதித்ததாக ஆகிவிடாது என்றும் எழுதி வைத்தார்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் இதே விளக்கம் இருக்கிறது.

இதை அப்படியே வாசித்தால் கொட்டாவி விடுவார்கள். அதனால் அந்த வெள்ளிக்கிழமை வேறு மாதிரி செய்தேன். பக்கத்தில் இருப்பவரிடம் ஜாமெட்ரி பாக்ஸைக் கேளுங்கள் என்றேன். கேட்கப்பட்டவர் வாயே திறக்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் பாதிப் பெட்டிகளுக்கு மேல் கைமாறிவிட்டன. ஏன் எடுத்தாய் என்றால், "அவன் ஒன்றும் சொல்லவில்லையே டீச்சர்" என்கிறார்கள். கொடுத்தவர்களைக் கேட்டேன். மனமிருந்துதான் பேசாமல் இருந்தேன் என்று சிலர் சொன்னார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "எப்படியும் எடுத்துவிடுவாள் என்று தெரியும். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்" என்றாள். வகுப்பு அமைதியானது. தெருநாய் பாய்ந்து வரும்போது ஓடத் தோன்றாமல் கால் மரத்துப்போய் நிற்பதில்லையா, பயத்தில் நாக்கும் அப்படித்தான் என்று அட்ரினலின் பாடத்தையும் அங்கேயே சொல்லி முடித்தேன். சீட்டு எழுதியவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

இன்னொரு கூத்து, தன்னைக் காதலிக்கச் சொல்லிப் பையன் கையில் பிளேடால் அவள் பெயரைக் கீறிக்கொண்டு வந்து நிற்பது. எங்கள் தமிழ் ஐயா, "அந்தக் காலத்தில் விரும்பியவளைக் கட்டிவைக்கச் சொல்லிப் பனைமடல் குதிரை ஏறி ஊர் நடுவே வந்து மிரட்டினான், இந்தக் காலத்தில் பிளேடு" என்பார். பரிதாபப்பட்டோ பயந்தோ அவள் 'சரி' என்றால் அதுவும் சரி ஆகாது என்பதைப் பையன்கள் நம்புவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

பதினெட்டு வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் இடமில்லையே, பிறகு எதற்கு இந்தப் பாடம் என்று சக ஆசிரியர் ஒருவர் மடக்கினார். சட்டம் அதுதான், அதையும் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். விரும்பிப் பழகிய இருவர் வீட்டைவிட்டுப் போய், பையன் போக்சோவில் உள்ளே போகும் வழக்குகள் நம் ஊரில் நிறைய. வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கமே இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ஒரு தீர்ப்பில் சொன்னது. ஆனாலும் சட்டம் மாறவில்லை. அது கிடக்கட்டும், அடுத்தவரின் விருப்பத்தைக் கேட்டு நடக்கும் பழக்கம் பதினெட்டாவது பிறந்தநாள் காலையில் கேக்கோடு சேர்ந்து வந்துவிடுமா?

தலைமை ஆசிரியருக்கு வேறு பயம். பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படங்கள் தொடர்பான சென்னை வழக்கு ஒன்றில், இந்தப் பயத்தைத் தவறான எண்ணம் என்றே சொன்னது. பாலியல் கல்வியில் சம்மதத்தைப் பற்றியும் கற்பிக்க வேண்டும் என்றது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் பங்கு இருக்கிறது. சிணுங்குகிற குழந்தையை இழுத்து, "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்கிறோம். கொடுக்காவிட்டால் திமிர் என்கிறோம். வேண்டாம் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று மூன்று வயதிலேயே அதற்குத் தெரிந்துவிடுகிறது. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் புரட்டிப் பாருங்கள். ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகள் 53 சதவீதம். அவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். தொல்லை கொடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள். தெரிந்தவர் என்றால் வணக்கம் சொல்லியாக வேண்டியவர், வீட்டில் சாப்பிட உட்காருகிறவர். அவர் முகத்தில் எந்தக் கராத்தே குத்து விடுவது?

பிள்ளை வந்து சொல்லும்போது முதல் பதில் "நீ ஏன் அங்கே போனாய்" என்று வந்தால் அதோடு அது வாயை மூடிவிடும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. பெண் அதிகாரி சீருடை இல்லாமல் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க சட்டம் வழி செய்திருக்கிறது. பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது, அதன் பெயரை வெளியிடக் கூடாது. இதெல்லாம் தெரியாமல்தான் பல தாய்மார்கள் புகாருக்குப் பயப்படுகிறார்கள். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று பேசி முடிக்கப் பார்க்கும் நிர்வாகிகளுக்கு ஒரு தகவல்: தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றம் தெரிந்தும் புகார் செய்யாத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

அடுத்த இதழில் பையன்களுக்கென்று ஒரு கட்டுரை போடுங்கள். பையன்கள் படிக்கிற விளையாட்டுப் பக்கத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

போன மாதம் ஆண்டு விழாவுக்கு அழைத்திருந்தார்கள் என்று பழைய பள்ளிக்குப் போயிருந்தேன். பத்தாம் வகுப்பு மேசையில் அந்தப் பெட்டி அப்படியே இருந்தது. ஆசையாக எடுத்துப் பார்த்தேன். கீறலின்மேல் டேப் ஒட்டி, உள்ளே சாக்பீஸ் போட்டு வைத்திருந்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
தென்காசி மாவட்டம்

(பிள்ளைகளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது, என் பெயரை வெளியிட வேண்டாம்.)