திரும்பி வருகிறவனிடம் பேசுங்கள்

அன்புள்ள மகனுக்கு,

வீரவநல்லூரிலிருந்து அம்மா எழுதுவது. உன் அறையில் தங்கியிருக்கும் அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையிலிருந்து திரும்பி வருகிறான் என்றும், அவன் வந்த பிறகு எதுவுமே நடக்காதது போல எல்லோரும் இருந்துவிடுவது என்று உங்களுக்குள் பேசி வைத்திருக்கிறீர்கள் என்றும் நேற்றுப் போனில் சொன்னாய். அவசரத்தில் நான் சொன்ன பதில் போதாது என்று பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். அவன் பெயரை எழுதாமல் விடுகிறேன். இது யார் கையில் கிடைத்தாலும் அவனுக்கு ஒரு சங்கடம் வந்துவிடக் கூடாது.

அந்த முடிவை மாற்றிக்கொள்ளுங்கள். அவன் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படி நினைத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உயிரை விட முயன்று பிழைத்து வருகிறவனைச் சுற்றி நான்கு பேரும் வாயை அடக்கிக்கொண்டு நடமாடினால், தான் செய்தது பேசக்கூட முடியாத அசிங்கம் என்றே அவன் எடுத்துக்கொள்வான். ஒரு முறை முயன்றவர்களுக்கு மீண்டும் ஆபத்து வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும், மருத்துவமனையை விட்டு வெளியே வந்த முதல் சில வாரங்களும் மாதங்களும்தான் மிகவும் கவனிக்க வேண்டிய காலம் என்பதும் மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லும் விஷயங்கள். உயிர் பிழைத்துவிட்டான், இனிப் பயமில்லை என்று எல்லோரும் மூச்சுவிடுகிற அந்தச் சமயத்தில்தான் அவனுக்குப் பேச்சுத்துணை வேண்டியிருக்கும்.

நாமே வாயெடுத்துக் கேட்டால் மறந்திருந்த நினைப்பைக் கிளறிவிட்டது போல ஆகிவிடாதா என்று கேட்டாய். ஆகாது. தற்கொலை எண்ணம் உண்டா என்று அக்கறையோடு நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் ஒருவருக்குப் புதிதாக முளைப்பதில்லை என்று ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நான் அதை ஆராய்ச்சியில் படிப்பதற்கு முன்பே முக்கூடல் பக்கத்து வீடுகளில் பார்த்தவள். கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது ஒரு நாள், கைக்குழந்தைக்குத் தடுப்பூசித் தேதியைச் சொல்வதற்காக ஒரு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பீடித்தட்டு இருந்தது. முந்தின நாள் நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்த இலை வெட்டப்படாமலே காய்ந்து, ஓரம் சுருண்டு, தொட்டால் நொறுங்கும் பதத்தில் கிடந்தது. கத்தரி அதன்மேல் அப்படியே இருந்தது. குழுக்கடனுக்குப் பணம் கட்ட வேண்டிய வாரத்தில் ஒரு பெண் இலையைக் காயவிடுகிறாள் என்றால் அது சோம்பலாக இருக்க முடியாது. உள்ளே அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரித்துவிட்டு, "செத்துரலாம்னு நெனப்பு வருதா தாயி?" என்று கேட்டேன். அவள் திரும்பிப் பார்த்து, "ஆமாக்கா, வருது. யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்துச்சு" என்றாள். அவள் அம்மாவைக் கூட்டி வந்து உடன் இருக்கச் செய்து, மறுநாள் காலையில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். இன்று அந்தப் பெண் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள்.

ஆகவே நீயும் கேள். எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, தேநீர் குடிக்கும்போதோ சும்மா நடந்துகொண்டிருக்கும்போதோ, "அந்த நினைப்பு இப்பவும் வருதா?" என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, அவன் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். பெற்றவர்களை நினைத்துப் பார்த்தாயா, உனக்கு என்ன குறைச்சல், இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்ற பேச்சு மட்டும் வேண்டாம்; ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் புழுங்குகிறவன் தலையில் அது இன்னும் ஒரு சுமையை ஏற்றும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்துவிடாதே. "உன் உயிருக்கு ஆபத்து என்றால் டாக்டரிடமும் வீட்டிலும் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடு.

காரணம் என்ன என்று துருவ வேண்டாம். காவல்துறைப் பதிவில் ஒரு காரணத்தை எழுதியாக வேண்டும் என்பதால் குடும்பப் பிரச்சினை என்றோ நோய் என்றோ எழுதுகிறார்கள். உள்ளபடி கடன், தூக்கமின்மை, குடி, அவமானம், சிகிச்சை பெறாத மனச்சோர்வு என்று பலவும் சேர்ந்தே ஒருவரை அந்த இடத்துக்குத் தள்ளுகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள்; அதில் நம் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். முயன்று பிழைத்தவர்கள் இதைப்போலப் பல மடங்கு. உன் நண்பன் ஏதோ உலகத்தில் இல்லாததைச் செய்துவிட்டவன் போல யாரும் பார்க்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி, நீ என்னிடம் முக்கியமாகக் கேட்டதற்கு வருகிறேன். மருத்துவர் அல்லாத ஒருவனால் என்ன செய்துவிட முடியும் என்றாய். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் ஓர் ஆய்வு நடத்தி 2008இல் வெளியிட்டது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். மறுபாதிக்கு, வீட்டுக்கு அனுப்பும் சமயத்தில் ஒரு மணி நேரம் உட்கார்த்திப் பேசிவிட்டு, அதற்குப் பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2. அந்த ஒன்பதில் ஐந்து விசாரிப்புகள் முதல் பதினொரு வாரங்களுக்குள்ளேயே வந்தவை. அமெரிக்காவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையை விட்டுப் போன பிறகு தொடர் சிகிச்சையை மறுத்தவர்களுக்கு, பதில் எதையும் எதிர்பார்க்காத இரண்டு மூன்று வரிக் கடிதங்களை ஐந்து ஆண்டுகள் அனுப்பிவந்தார். கடிதம் பெற்றவர்களில் முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை மரணம் குறைவாக இருந்தது. இதற்கெல்லாம் பட்டம் வேண்டாம். மஞ்சள்காமாலை வந்து படுத்து எழுந்தவனை ஊரே மாதக்கணக்கில் விசாரிப்பது போல, இவனையும் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும், இரவு ஷிப்ட் போகும்போது "சாப்பிட்டியா?" என்று ஒரு செய்தி அனுப்பு, அவன் பதில் போடாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாமல் மறுநாளும் அனுப்பு.

அவன் வருவதற்கு முன்பு அறையைச் சரிபார்த்துவிடுங்கள். உயிரை விடும் வேகம் பெரும்பாலும் நெடுநேரம் நிற்பதில்லை; அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் தப்பிவிடுகிறார்கள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அந்த நாட்டின் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. நம் ஊரில் கார், பிசானம் என்று இரண்டு போகமும் மருந்து வாங்கி வீட்டுக்குள் வைப்பவர்களிடம், பூட்டி வை, சாவியை இன்னொருவரிடம் கொடு என்று நான் ஓயாமல் சொன்னது இதனால்தான். அறையில் வேண்டாத மருந்து மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். அவனுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை நீ வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் கொடு. இதையும் அவனிடம் கேட்டு, அவன் சம்மதத்தோடு செய். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். குணம் தெரியவில்லை என்றோ, குணமாகிவிட்டது என்றோ அவனாக நிறுத்திவிடக் கூடாது. அறையில் குடி வேண்டாம், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவனும் நீயும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்: மனம் இறங்கப்போகிறது என்பதற்கு அவனுக்கே தெரிந்த அறிகுறி என்ன, அப்போது அவனை ஆற்றுவது எது, முதலில் யாரை அழைப்பான், அவர் எடுக்காவிட்டால் யார், எந்த மருத்துவர் என்று. அதில் 14416 என்ற எண்ணும் இருக்கட்டும். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை அது. 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 104 என்ற நம் மாநில சுகாதார எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். தற்கொலையைத் தடுப்பதற்காகச் சென்னையில் 1986இலிருந்து இயங்கிவரும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துத் தீர்ப்பது, விடைபெறுவது போலப் பேசுவது, பல நாள் கலங்கிக் கிடந்தவன் திடீரென்று அமைதியாகிவிடுவது ஆகியவற்றைக் கண்டால் அவனைத் தனியே விடாதே, 108ஐ அழை.

போலீஸ், வழக்கு என்று அவன் அப்பா பயப்படுவதாகச் சொன்னாய். அந்தப் பயம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆம் பிரிவினால் வந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் 115ஆம் பிரிவில் சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பழைய 309ஆம் பிரிவே இல்லை.

சட்டத்தைவிடச் சொந்தக்காரர்களின் வாய்தான் கஷ்டம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் கூடும்போதும் ஊர்க்கொடையிலும் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். என்ன சொல்வது என்பதை அவனே தீர்மானிக்கட்டும். "உடம்பு சரியில்லாமல் இருந்தேன், இப்போது பரவாயில்லை" என்பது பொய் ஒன்றும் இல்லை.

இவ்வளவையும் நீ ஒருவனே தூக்கிச் சுமக்காதே. அறையில் உள்ள மற்றவர்களோடு முறை போட்டுக்கொள், நேரத்துக்குத் தூங்கு, உனக்கு நெஞ்சு கனத்தால் எந்த நேரமானாலும் என்னை அழை.

அவனிடம் கேட்டுப் பார்த்து, அவன் சரி என்றால் அவன் அம்மாவுக்கு என் எண்ணைக் கொடு. கடையம் இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். வருகிற செவ்வாய்க்கிழமை நான் நேரில் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அவன் அப்பாவும் வீட்டில் இருக்கும் நேரம் எது என்று விசாரித்துச் சொல்.

அன்புடன்,
அம்மா