இனிஷ் மோர் போய் வந்தேன்

கால்வே, அயர்லாந்து,
ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று என்னோடு வேலை செய்பவர்கள் 16 பேர் சேர்ந்து இனிஷ் மோர் தீவுக்குப் போய் வந்தோம். தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

ரோஸாவீல் துறையிலிருந்து படகில் 40 நிமிடப் பயணம். ஆரன் தீவுகள் மூன்றில் இதுவே பெரியது என்றாலும் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர்தான்; அங்கே வாழ்பவர்களும் 800 பேர் அளவில்தான். கில்ரோனனில் இறங்கியதும் இளையவர்கள் வாடகைக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டார்கள்; என் முழங்கால் வலிக்காக நான் குதிரை வண்டியில் ஏறினேன்.

டூன் ஏங்கஸ் கோட்டை ஏறத்தாழ 3,000 ஆண்டுப் பழமையானது. நிலப்பக்கம் அரைவட்டமாகக் கல் மதில்களும், ஏறி வருபவரைத் தடுக்க நெருக்கமாக நட்ட கூர்ங்கற்களும் இருக்கின்றன. கடற்பக்கம் மதிலே இல்லை, சுமார் 300 அடிச் செங்குத்துப் பாறைதான் அரண். விளிம்பில் கைப்பிடிக் கம்பி கிடையாது. குப்புறப் படுத்து, தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே, தோழி என் காலைப் பிடித்திருந்தாள்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது கோட்டையைப் பற்றி அல்ல, அந்த ஊர் மண்ணைப் பற்றி. தீவு முழுவதும் வெறும் சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறையின் வெடிப்புகளைச் சிறு கற்களால் அடைத்து, கரையிலிருந்து மணலையும் கடற்பாசியையும் கூடை கூடையாகச் சுமந்து வந்து பரப்பி, தலைமுறை தலைமுறையாக மண்ணையே உண்டாக்கி, அதில் உருளைக்கிழங்கு விளைவித்துப் பிழைத்திருக்கிறார்கள். வண்டிக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு பாத்தியில் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு சாண்கூட இறங்கவில்லை, பாறை தட்டியது. கண்மாய் வற்றும் கோடையில் கரம்பை அள்ளி வந்து வயலில் கொட்டிய உன் தாத்தா இதைப் பார்த்திருந்தால், அந்தப் பாத்தி ஓரத்தை விட்டு எழுந்தே வந்திருக்கமாட்டார்.

பாத்திகளைச் சுற்றிச் சாந்தே இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள். இடுக்குகளின் வழியே காற்று புகுந்து போய்விடுவதால் புயலிலும் அவை நிற்கின்றனவாம். பல சுவர்களில் கதவு இல்லை. ஒரு பெரியவர் மேலிருந்து ஒவ்வொரு கல்லாக இறக்கிவைத்து, இரண்டு பசுக்களை உள்ளே விட்டு, அதே கற்களைப் பழையபடி அடுக்கிவிட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார். வண்டிக்காரரும் அவரும் ஐரிஷ் மொழியில் நலம் விசாரித்துக்கொண்டார்கள். அங்கே இன்றும் புழங்குகிற மொழி அது.

மாலை ஐந்து மணிப் படகைப் பிடிக்க வேண்டியிருந்ததால் மேற்குக்கோடிப் பழைய தேவாலயங்களுக்குப் போக முடியவில்லை. நீ விடுமுறை கேட்பதானால் மே மாதத்தில் கேள். அப்போது அந்தப் பாறை வெடிப்புகளில் ஜென்ஷன் என்னும் நீலப் பூ பூத்திருக்கும். பிடிமானமுள்ள காலணி ஒன்றும் வாங்கிக்கொள், உன் பழைய செருப்பு அந்தப் பாறைக்கு ஆகாது.

அன்புடன்,
அம்மா