மும்பை மாட்டுங்கா கல்யாணக் கூடங்களிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

ஆடி பிறந்துவிட்டது. முகூர்த்தம் கிடையாது, கேமராப் பைக்கும் ஓய்வு. ஆனி மாதக் கடைசிக் கல்யாணத்தை முடித்துவிட்டு வந்த அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன். அழுகைதான் வந்தது, எழுத்து வரவில்லை. இன்று கொஞ்சம் நிதானம் வந்திருக்கிறது.

நான் மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தது உங்களுக்குத் தெரியும். மாட்டுங்காவிலும் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளிலெல்லாம் அன்று விடிவதற்குள் செய்தி பரவிவிட்டது. அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உயிர் தங்கியது. வலது தோள் மட்டும் இன்னும் முழுதாக என் சொல் கேட்பதில்லை.

ரத்தம் வேண்டும் என்றதும் தாராவியிலிருந்து கூட்டமாக வந்து நின்ற பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் ஒப்புக்கொண்டிருந்த கல்யாணங்களை எனக்குப் பதிலாக எடுத்துக்கொடுத்து, வந்த கூலியை என் அம்மாவின் கையில் கொண்டுவந்து வைத்த சக புகைப்படக்காரர்களே, போட்டி போடும் தொழில் என்று இதைச் சொல்கிறவர்கள் உங்களைப் பார்த்ததில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்காத குடும்பங்கள், எடை குறைந்த கேமரா ஒன்றைத் தேடிப்பிடித்து இரவல் கொடுத்த ஃபோர்ட் பகுதிக் கடைக்காரர், ரசம் சாதம் கொண்டுவந்து ஊட்டிவிட்ட எதிர்வீட்டு மாமி, கையை ஒவ்வொரு அங்குலமாகத் தூக்கப் பழக்கிய பிசியோதெரபிப் பெண் என்று எல்லோரையும் ஒரே பத்தியில் அடைப்பது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

இந்த மடலில் அதிக இடத்தை எடுத்துக்கொள்ளப் போகிறவர் வேறொருவர். பந்தியில் பரிமாறும் ஓர் அண்ணன். அவர் எனக்குத் தந்தது ஒரு பிளாஸ்டிக் முக்காலி.

உடம்பு தேறி நான் எடுக்கப்போன முதல் கல்யாணம் அது. மாட்டுங்காவில், ஆஸ்திக சமாஜக் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ஒரு கூடம். “முடிந்தவரை எடும்மா, மற்றதை உன் தோழி பார்த்துக்கொள்ளட்டும்” என்று பெண்ணின் பெரியப்பா முன்பே சொல்லியிருந்தார். வெளியே அடைமழை, ஜன்னல் வழியாக வந்த வெளிச்சமும் மங்கல். நான் ஃபிளாஷ் போடுவதில்லை. கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, 6400-க்கு ஏற்றி, ஷட்டர் வேகம் 1/200 நொடிக்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டேன். கேமரா கண் வரை ஏறியது, ஏறிய இடத்தில் நிற்க மறுத்தது. மாப்பிள்ளை குடையும் விசிறியும் கைத்தடியுமாகக் காசி யாத்திரைக்குக் கிளம்பினார். பெண்ணின் அப்பா ஓடிப்போய் மறித்தார். அந்தச் சிரிப்பு, அந்தக் கூச்சல், எதுவும் என் படத்தில் தெளிவாக விழவில்லை. கை நடுக்கத்தில் எல்லாம் கலங்கிப் போயின. தூணில் சாய்ந்துகொண்டு, இனி நம்மால் ஆகாது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் முக்காலியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்து, “உட்கார் தங்கச்சி” என்றார் அவர்.

பல ஆண்டுகளாகப் பார்த்த முகம். மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு என்று எந்தத் தமிழ்க் கல்யாணத்துக்குப் போனாலும் சாம்பார் வாளியோடு பந்திக்குள் விரைந்துகொண்டிருப்பார். படம் எடுத்திருக்கிறேன். காபி வேண்டுமா, சாப்பிட்டாயிற்றா என்பதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பதும், குடியிருப்பு தாராவியில் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும்.

அது சமையல்கட்டில் காய் நறுக்குகிறவர்கள் உட்காரும் நீல நிற முக்காலி. உட்காரும் பலகை முழுக்க மஞ்சள் கறை. உட்காரக் குனிந்தபோதுதான் அதன் கால்களைக் கவனித்தேன். ஒவ்வொரு காலின் அடியிலும் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி வைத்துச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. மொசைக் தரையில் பிளாஸ்டிக்கை இழுத்தால் பல் கூசும்படி சத்தம் வரும். சாஸ்திரிகள் மந்திரம் சொல்லும்போது அந்தச் சத்தம் எழுந்தால் கூடமே திரும்பி என்னைப் பார்க்கும். அதிகாலையில் பையைத் தூக்க முடியாமல் நான் படியேறி வந்ததைச் சமையல்கட்டு வாசலிலிருந்து பார்த்தாராம். அப்போதே கட்டி வைத்துவிட்டாராம்.

அதோடு அவர் போய்விடவில்லை. ஊஞ்சலுக்கு முன்னால் முக்காலியை எடுத்துப்போய் இடப்பக்கம் போட்டார். பச்சைப்பிடி சுற்றும் பெண்கள் வலப்பக்கம் கூடுவார்கள், அவர்கள் வண்ணச் சோற்று உருண்டையை வீசும் கையும் ஊஞ்சலில் இருப்பவர்களின் முகமும் ஒரே சட்டத்துக்குள் வரவேண்டும் என்று நான் எப்போதும் இடப்பக்கம்தான் நிற்பேன். யாரிடமும் நான் சொன்னதில்லை. கன்னிகாதானத்தின்போது முக்காலி மேடை ஓரத்துக்குப் போனது. தாலி கட்டும் நேரம் நெருங்கியதும் தவில்காரரின் காதில் ஏதோ சொல்லி அவரைச் சற்றே நகர வைத்து, கிடைத்த இடைவெளியில் முக்காலியைச் செருகினார். “கெட்டிமேளம் கொட்டினால் எல்லாரும் தாலியைத்தான் எடுப்பார்கள். நீ பெண்ணுடைய அம்மாவைத் தேடுவாய். இங்கிருந்தால் தெரியும்” என்றார். தெரிந்தது. இடது முழங்கையை முழங்காலில் ஊன்றி, வலது கையின் பாரத்தை அதன்மேல் இறக்கி எடுத்தேன். அட்சதை பறக்கிறது. அந்த அம்மா வலது கையை வீச ஓங்கியவர் வீச மறந்து மகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், விரல் இடுக்கில் அரிசி. அந்தப் படம் துல்லியமாக வந்திருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவே அவருக்குத் தன் வேலையும் இருந்தது. காலைச் சிற்றுண்டிப் பந்தி, நடுவில் காபி, பிறகு இலை போடும் ஏற்பாடு. ஒவ்வொன்றுக்கும் ஓடிவிட்டு, தோள்துண்டில் கையைத் துடைத்தபடி அடுத்த சடங்குக்குச் சரியாக வந்து நிற்பார்.

கடைசியில் கேட்டேன், “நான் நிற்கும் இடமெல்லாம் எப்படி அண்ணா தெரியும்?” என்று. கேள்வியே அவருக்கு வியப்பாக இருந்தது. “இத்தனை வருஷமாக ஒரே கூடத்தில்தானே வேலை செய்கிறோம்” என்றார்.

இந்த வார்த்தை என்னை இன்னும் விடவில்லை. நான் செய்வது ஆவணப் பாணிப் புகைப்படம். இங்கே பாருங்கள், சிரியுங்கள், தாலியை ஒரு நிமிடம் பிடித்தபடி நில்லுங்கள் என்று யாரையும் கேட்பதில்லை. கல்யாணம் தன் போக்கில் நடக்கும், நான் ஓரமாக நின்று பார்ப்பேன். யார் கண்ணிலும் படாமல் இருப்பதே என் திறமை என்று நம்பி வந்தேன். ஆனால் அந்தக் கூடத்தில் தானும் யார் கண்ணிலும் படாமல் வேலை செய்யும் ஒருவர், என் நடையை, என் சாய்வை, நான் எதற்காகக் காத்திருப்பேன் என்பதை இத்தனை காலமும் கவனித்து மனத்தில் வைத்திருக்கிறார். பார்க்கப்படுவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, பிறரைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நான் அன்றுதான் உடம்பால் உணர்ந்தேன்.

மருத்துவமனைப் படுக்கையில் எனக்கு ஹோமாய் வியாரவாலாவின் நினைவு அடிக்கடி வந்தது. 1913-இல் நவ்சாரியில் பிறந்து, இதே ஊரின் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்து, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று பெயர் பெற்றவர். அவர் தொடக்கக் காலத்தில் எடுத்த பம்பாயின் அன்றாடக் காட்சிகள்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்தன. 1970-இல் தொழிலை விட்டவர், 2012-இல் மறையும் வரை அதற்குத் திரும்பவில்லை. அவராலேயே விட முடிந்தது, நான் விட்டால் என்ன என்று எனக்கு நானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டிருந்தேன். முக்காலியில் உட்கார்ந்த அன்று அந்த நியாயம் உதிர்ந்துவிட்டது. அவர் தம் காரணங்களோடு விட்டார். என்னிடம் இருந்தது பயம் மட்டும்.

தொழில் தெரிந்தவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டு எடுத்தால் மணையில் இருப்பவர்களின் உச்சந்தலையும் வகிடும்தான் பெரிதாக விழும். முக்காலி உயரத்திலிருந்து பார்த்தபோது, அப்பாவின் மடியில் உட்கார்ந்த பெண்ணின் கண்கள் 35 மி.மீ. லென்சுக்கு நேராக வந்தன. முன்வரிசைப் பாட்டிகள், தரையில் தவழும் குழந்தைகள், ஓமப் புகைக்குப் பின்னால் நெய்க் கிண்ணத்தை நகர்த்தும் விரல்கள், எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. தோள் சரியானாலும் நான் இனி உட்கார்ந்தே எடுப்பேன்.

அண்ணா, இந்த மடலை உங்கள் மகள் உங்களுக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். அதனால் இதை உங்களிடமே சொல்கிறேன். இனி நான் எடுக்கும் ஒவ்வொரு கல்யாணத்திலும் வீட்டாருக்கு ஆல்பம் போகும் நாளில், சமையல்கட்டுக்கு ஓர் உறை போகும். அடுப்படியில் நிற்பவர், காய் நறுக்குபவர், பூக்கட்டும் அம்மா, நாதஸ்வரக்காரர், பாத்திரம் தேய்க்கும் பெண், ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையில் இருக்கும் அச்சுப்படம். கூலிக் கணக்கில் அதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிச் சேர்த்துவிடுவேன். ஆவணிக்கு ஒப்புக்கொண்ட குடும்பங்களிடம் பேசிவிட்டேன், எல்லோரும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள்.

உங்களுக்கு எந்தப் படம் வேண்டும் என்று கேட்டபோது, உங்கள் முகம் இருக்கும் படத்தை நீங்கள் கேட்கவில்லை. இலை விரித்து, தண்ணீர் தெளித்து, உப்பிலிருந்து அப்பளம் வரை எல்லா இலையிலும் வைத்து முடித்து, ஆட்களை உள்ளே விடுவதற்கு முன்னால் வரிசை நீளமாகக் கிடக்குமே, அதை ஒருமுறை எடுத்துத் தா என்றீர்கள். யாரும் அதைப் பார்ப்பதில்லை, கதவைத் திறந்ததும் கலைந்துவிடும் என்றீர்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் அதை எடுக்கிறேன். கதவைத் திறக்க விடாமல் நீங்கள்தான் கொஞ்சம் தடுத்து வைக்க வேண்டும். இரண்டு பிரதி போடுகிறேன், ஒன்று தாராவிக்கு, ஒன்று ஊரில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு. ஊர் முகவரியை மகளிடம் சொல்லி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தங்கச்சி