அண்ணாவுக்கு, இங்கிலாந்தின் பாம்ஃபோர்டிலிருந்து

அண்ணா,

வீட்டைக் காலி செய்கிறேன். வரும் சனிக்கிழமை சாவியைக் கொடுக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம்தான். நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் அண்ணியிடம் கொடுத்துவிடுவாய். எல்லோரும் பார்க்கும்படி இங்கே எழுதினால் எப்படியும் யாராவது உன் காதில் போட்டுவிடுவார்கள். நம் குடும்பத்தில் அதற்கு ஆள் பஞ்சமில்லை.

அம்மாவின் காரியத்தன்று நாம் பேசியதைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டேன். சித்தி இதைப் படிப்பார்.

2018 நவம்பரைப் பற்றித்தான் எழுத வேண்டும். அந்த ஆண்டு கோடையில் மழை பொய்த்து, லேடிபவர் நீர்த்தேக்கம் வற்றி, அதற்காக மூழ்கடித்த டெர்வென்ட் கிராமம் வெளியே வந்தது. ஷெஃபீல்டு ரயிலில் வந்து இறங்கிய கூட்டத்தைப் பார்த்து, "நம் ஊர் தேர் இழுக்க வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள்" என்றாய். உனக்கு அது திருவிழாவேதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனாய். அந்த ஞாயிறு நானும் போயிருந்தேன், உன்னோடு அல்ல. வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கூட வேலை பார்க்கும் பெண்கள் இருவர் அழைத்தார்கள்.

டெர்வென்ட் மாளிகையின் இடிபாட்டின் மேல் நின்றுகொண்டு, யார் யாருக்கோ நீ கதை சொல்லிக்கொண்டிருந்தாய். தூரத்திலேயே உன் குரல் கேட்டது. 1672-இல் கட்டிய மாளிகை. கடைசிக் காலத்தில் நடைப்பயணம் வரும் இளைஞர்களுக்கு விடுதி. கீழே ஆஷப்டன் என்று இன்னொரு கிராமம், அதுவும் நீருக்குள். 1943 மார்ச்சில் டெர்வென்ட் தேவாலயத்தில் கடைசி வழிபாடு. 1945 செப்டம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் வந்து அணையைத் திறந்துவைத்தார். தேவாலயக் கோபுரத்தை மட்டும் நினைவுச் சின்னமாக விட்டுவைத்தார்கள். தண்ணீருக்கு மேல் அது மட்டும் நின்றது. ஆட்கள் அதை நோக்கி நீந்திப் போகிறார்கள், ஆபத்து என்று 1947 டிசம்பர் 15 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நிறுத்தி, "தாங்களே விட்டுவைத்ததைத் தாங்களே..." என்று கையை விரிப்பாய். அன்றும் விரித்தாய்.

பிறகு எதையோ காட்டப் போய் வண்டலில் கால் வைத்தாய். வெடித்துக் காய்ந்த மேல்தோல்தான் அது, அடியில் களி. முழங்கால் வரை இறங்கிவிட்டது. சிரித்தாய். இழுத்துப் பார்த்தாய். சிரிப்பு நின்றது. அப்போதுதான் என்னைப் பார்த்தாய்.

"பாப்பா! கையைக் கொடு பாப்பா!"

சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். "உன்னையா கூப்பிடுகிறார்?" என்று என் பக்கத்தில் நின்றவள் கேட்டாள்.

இல்லை என்றேன். தெரியவில்லை என்றேன். திரும்பித் தேவாலயம் இருந்த பக்கமாக நடந்தேன்.

அங்கே பார்க்கக் கற்குவியலைத் தவிர ஒன்றுமில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேர் உன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கியதைக் கடைக்கண்ணால் பார்த்தேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சேற்றில் இறங்க வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்துக்குப் போடும் தோல் ஷூவோடு போயிருந்தாய். கேட்காதவர்களுக்கும் கதை சொன்னாய். அந்த ஊரில் நாம் எப்படிப் பார்க்கப்படுகிறோம் என்று உனக்குக் கவலையே இருந்ததில்லை; இருவருக்கும் சேர்த்து நான்தான் கவலைப்பட்டேன். இதெல்லாம் உண்மை. இருந்தாலும் உன் குரல் கேட்டது அண்ணா. நன்றாகக் கேட்டது.

மன்னித்துவிடு.

ஆனால் நீ செய்தது அதைவிட மோசம். அன்று இரவு ரசம் வைத்து, எனக்கும் ஊற்றினாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தை வீட்டில் அந்தக் கதையை நடித்துக் காட்டினாய்: சேறு, களி, வெள்ளைக்காரர் இரண்டு பேர், ஒற்றைக் காலில் ஷூவோடு பஸ் ஏறியது எல்லாம் வந்தது. நான் வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என்னைக் காப்பாற்றினாயா, கைகழுவி விட்டாயா? ஊருக்குத் திரும்பிப் போகும்வரை சொல்லவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை ஏசிவிட்டு அதோடு விட்டிருப்பேன்.

இப்போது அத்தைக்கும் தெரிந்துவிட்டது.

நீ போன பிறகு 2022-இலும் தண்ணீர் இறங்கியது. நான் போகவில்லை. டெர்வென்ட் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்தவர்களை நம் பாம்ஃபோர்டு தேவாலய வளாகத்தில்தான் மறுபடி புதைத்தார்கள் என்று நீ சொன்ன பிறகு, அந்தச் சுவரோரம் போகும்போதெல்லாம் உன் நினைவு வரும். வீடிழந்தவர்களுக்கு யார்க்‌ஷயர் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் நீர் வாரியம் கட்டிய வீடுகளை இப்போதும் பஸ்ஸிலிருந்து எண்ணுகிறேன். நீ தொற்றவைத்த பழக்கம். எண்ணிக்கை ஒரு நாளும் ஒத்துவருவதில்லை.

நேற்று பின்பக்கக் கொட்டகையை ஒழித்தேன். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் செய்தித்தாளில் சுற்றி அந்த ஒற்றை ஷூ. வலது கால். துடைத்து, பாலிஷ் போட்டு, நாடாவைக்கூடக் கட்டி வைத்திருக்கிறாய். அடுத்த வறட்சியில் மற்றதை எடுத்துவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தாயா?

பார்சலில் அனுப்பட்டுமா, என்னோடு எடுத்துப் போகட்டுமா? சனிக்கிழமைக்குள் சொல்.

பாப்பா